நெல்லு மில் பொயிலருக்கு "பவர் ஸ்டேஷன் இரும்பு" வாங்கலாமோ? ரியூப், 310 பிளேட், கிறேற் சட்டம், பட்டறை வேலை எல்லாத்துக்கும் என்ர ரிவியூ

கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் புழுங்கல் மில் வைச்சிருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. கொஞ்சக் காலமா எங்கட பக்கத்துச் சில இரும்புக் கடையள்ல ஒரு கதை ஓடுது, "இது பவர் ஸ்டேஷனுக்குப் போடுற இரும்பு, எந்த நெருப்புக்கும் அசையாது, பொயிலருக்கு இதைப் போட்டா ஆயுசுக்கும் பாக்கத் தேவையில்லை" எண்டு. விலையும் அதுக்கேத்த மாதிரித்தான் சொல்லுறாங்கள். அத்தான்ர மில் பொயிலருக்கு ரியூப் மாத்தி, அடுப்புக் கதவின்ர உள்பிளேட், நெருப்பை மறிக்கிற தட்டு, கிறேற் சட்டம் (எரியுற உமியைக் கீழ இருந்து தாங்குற சட்டம்) எல்லாம் புதுசாப் போட்டனாங்கள், காலபோக நெல்லு வந்து குவியுறதுக்கு முன்னம் முடிக்கோணும் எண்டு அந்தரப்பட்டுச் செய்த வேலை. சாமான் தேடினது, பேப்பர் பாத்தது, வேலை நடக்கேக்க பக்கத்தில நிண்டது எல்லாம் நான்தான். இப்ப ஒரு போகம் முழுக்க ஓடி முடிஞ்சு, ஆற விட்டு, திறந்து பாத்துப்போட்டுத்தான் எழுதுறன்.

நான் கனகாலம் கட்டாரில பவர் பிளான்ட் பராமரிப்பில வெல்டரா நிண்டனான், அங்க காஸ் ரேர்பைனில இருந்து வாற புகைச்சூட்டில ஸ்டீம் போடுற பெரிய பொயிலருகள். அதால இந்த உருக்குகளோட பழக்கம் இருக்கு, அந்தப் பழக்கத்திலதான் சொல்லுறன்.

முதல்ல சூட்டுக் கதை, இது விளங்கினா மிச்சம் தானா விளங்கும். மில் பொயிலர் 10 பாரில ஓடுது எண்டு வையுங்கோ, அந்த அமுக்கத்தில தண்ணி கொதிக்கிறது 184 டிகிரியில. 7 பார் எண்டா 170. அடுப்புக்குள்ள உமி 800, 900 டிகிரியில எரிஞ்சாலும், ரியூப்பின்ர மற்றப் பக்கத்தில தண்ணி நிக்கிற மட்டும் இரும்பின்ர சூடு அந்தத் தண்ணியை விட கொஞ்சம்தான் கூட ஏறும், ஏனெண்டா வாற சூட்டைத் தண்ணி உடன உடன இழுத்துக்கொண்டு போயிடும். சாதாரண காபன் ஸ்டீல் 400 டிகிரி மட்டும் பிரச்சினை இல்லாம நிக்கும். அப்ப 200 சொச்சத்தில நிக்கிற ரியூப்புக்கு எதுக்கு 600 டிகிரி உருக்கு?

பவர் ஸ்டேஷன் கதை வேற. எங்கட நாட்டில நுரைச்சோலையை எடுங்கோ, 300 மெகாவாட் மெஷின் மூண்டு நிக்குது, முதலாவது 2011இல ஓடத் தொடங்கினது. அந்தச் சைஸ் நிலக்கரி மெஷினுகளில பொதுவா ஸ்டீமை 540 டிகிரிக்குக் கிட்ட ஏத்தித்தான் ரேர்பைனுக்கு அனுப்புறது. ஸ்டீமே 540 எண்டா அதைக் கொண்டு போற ரியூப்பின்ர இரும்பு அதுக்கும் மேல நிக்கும். அந்தச் சூட்டில இரும்பு உருகிறதும் இல்லை, டக்கெண்டு உடையிறதும் இல்லை, உள்ள இருக்கிற அமுக்கத்தில மெல்ல மெல்ல நீளும், ஈரச் சாரம் போட்ட கொடி நாள்ப்போக்கில தொய்யுற மாதிரி, வருசக் கணக்கில ரியூப் ஊதி, சின்னச் சின்ன ஓட்டை உள்ளுக்குள்ள சேந்து, ஒரு நாள் வெடிக்கும். இதைத்தான் கிறீப் எண்டுறது. அதாலதான் அந்த உருக்குகளுக்கு ஒரு லட்சம் மணித்தியாலத்தில எவ்வளவு பாரத்துக்கு அறும் எண்டு கணக்குப் பாப்பினம், நிப்பாட்டாம ஓடினா அது 11 வருசத்துக்கும் மேல. இன்னொண்டு, அந்த எல்லையில அண்ணளவா 10, 15 டிகிரி கூட ஓடினாலே ஆயுசு பாதியாப் போகும். எங்கட மில்லில ஸ்டீம் கொஞ்சம் ஏறி இறங்குறது ஒரு பிரச்சினையே இல்லை, அங்க அது கோடிக் கணக்கு.

அந்தக் கிறீப்பைத் தாங்கத்தான் குரோமும் மொலிப்டினமும் போடுறது. ஒண்டேகால் வீதக் குரோம் ஒரு வகை, ரெண்டேகால் குரோம் ஒரு மொலி அடுத்தது (ரி22 எண்டு சொல்லுறது), அதுக்கு மேல ஒன்பது வீதக் குரோம், அதுதான் ரி91, பைப்பா வந்தா பி91. 1970களில அமெரிக்காவில ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில அணு உலை வேலையை மனசில வைச்சு வளத்தெடுத்த உருக்கு அது, 1983, 84 அளவில பொயிலர் கோட்டுக்குள்ள (பொயிலர் கட்டுற விதிப் புத்தகம்) வந்தது. வனேடியமும் நயோபியமும் நைதரசனும் துளியளவுதான் போடுறது, ஆனா அதுகள் உள்ளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத மணிமணியாப் படிஞ்சு உருக்கை வழுக்க விடாமப் பிடிச்சு வைச்சிருக்கும். நான் தொட்ட உருக்குகளில எனக்குப் பிடிச்சது இதுதான், உண்மையிலயே அருமையான சாமான், ரி22இல போடுற பைப்பின்ர தடிப்பில அரைவாசிக்குக் கிட்டவே காணும், தடிப்புக் குறைஞ்சா சூடு ஏறி இறங்கேக்க வெடிப்பு வாறதும் குறையும்.

ஆனா அந்த உருக்கை வெல்ட் பண்ணுறதை ஒருக்கா கிட்ட நிண்டு பாக்கோணும். பைப்பைச் சுத்திச் சூட்டுப் பட்டி கட்டி 200 டிகிரிக்குக் கொண்டு வந்த பிறகுதான் கை வைக்கிறது. உள்ளுக்கு ஆர்கன் காஸ் நிரப்பி முதல் ஓட்டத்தை ரிக் எண்ட ஆர்கன் வெல்டிங்கில போடோணும். வெல்டிங் ரொட்டை அவணில காய வைச்சு, பக்கத்தில சூட்டுப் பெட்டியில வைச்சு ஒவ்வொண்டா எடுத்துப் பாவிக்கோணும், கொஞ்சம் ஈரம் பிடிச்ச ரொட் எண்டாலும் வெடிப்புத்தான். முடிய 100க்குக் கீழ ஆற விட்டு, பிறகு திரும்ப 750, 760க்கு மெதுவா ஏத்தி மணித்தியாலக் கணக்கில பிடிச்சு வைச்சு மெதுவா இறக்கோணும். அந்த நேரம் முழுக்க ஒரு மெஷின் கடுதாசியில கோடு கீறிக்கொண்டே இருக்கும், அந்தக் கோடு கோணினா வெல்ட் முழுக்க வெட்டித் திரும்பப் போடவேண்டி வரும். கடைசியில வெல்ட்டின்ர கடினம் அளப்பினம், பிரினெல் அளவில 190இல இருந்து 250க்குள்ள வரோணும், கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை.

இப்ப சொல்லுங்கோ, இதெல்லாம் எங்கட பக்கத்துப் பட்டறையில நடக்குமோ? ஒரு கடையில எனக்கு "பி91" எண்டு பெயின்றால எழுதின பழைய பைப்புத் துண்டுகளைக் காட்டி, இதை வெட்டி ஹெடர் (கன ரியூப்பை ஒண்டாச் சேக்கிற தடிச்ச பைப்) செய்யுங்கோ எண்டு சொன்னவை. பேப்பர் இல்லை, எங்க இருந்து கழட்டினது, எத்தினை வருசம் ஓடினது எண்ட விபரமும் இல்லை. கிறீப்பில பாதி ஆயுசு முடிஞ்ச பைப்பை வெளியில பாத்துக் கண்டுபிடிக்கேலாது. அது உண்மையா பி91 எண்டாலும், சாதாரண ரொட்டால சூடேத்தாம ஒட்டினா வெல்ட்டுக்குப் பக்கத்தில கண்ணாடி மாதிரி இறுகி நிக்கும், ஸ்டீம் ஏறி இறங்க வெடிப்பு விடும். மைல்ட் ஸ்டீலை விட ஆபத்து. யாராவது உங்களுக்கு இதை விக்க வந்தா வாங்காதேங்கோ, மில்லில வேலை செய்யிற பெடியளின்ர உயிர்.

சரி, வாங்கின சாமானுக்கு வாறன்.

ரியூப்: சாதாரண காபன் ஸ்டீல் பொயிலர் ரியூப், ஏஎஸ்ரிஎம் ஏ192 எண்டு குத்தினது, மூட்டில்லாத ரியூப். கொழும்பில இருந்து லொறியில எடுப்பிச்சது. பிஎஸ் 3059 எண்டு வாறதும் நல்லதுதான், எது கையில கிடைக்குதோ அதை எடுங்கோ, ஆனா பொயிலர் ரியூப்பா இருக்கோணும், தண்ணிப் பைப்பையோ கட்டிலுக்குப் போடுற பைப்பையோ அதே விட்டம் எண்டு கொண்டு வந்து தருவினம், ஏமாறாதேங்கோ. ஏ192 எண்டா ரியூப்பில பேரும் ஹீற் நம்பரும் (எந்த உருக்கு வார்ப்பில வந்தது எண்டு காட்டுற நம்பர்) குத்தி இருக்கும், உருக்கு ஆலை தாற சேர்ட்டிபிக்கட்டிலயும் அதே நம்பர் இருக்கோணும். எங்களுக்கு வந்ததில ஒவ்வொரு ரியூப்பையும் துடைச்சு, நம்பரை வாசிச்சு, கடுதாசியோட ஒத்துப் பாத்தனான், எல்லாம் சரி. கலிப்பரால தடிப்புப் பாத்தாலும் சுத்திவர ஒரே அளவு. ஒரு போகம் ஓடின பிறகு உள்ளுக்க லைற் அடிச்சுப் பாத்தா புகைப் பக்கம் சுத்தம், வாய்ப் பக்கத்திலயும் ஒரு வெடிப்பும் இல்லை. அஞ்சுக்கு அஞ்சு. விலையும் மற்றவை சொல்லுற "பவர் ஸ்டேஷன்" சாமானுக்குக் கிட்டவும் வராது.

ஸ்டெயின்லெஸ் ரியூப் போட்டா கறளே பிடிக்காது எண்டு அத்தானுக்கு ஆரோ சொல்லி, அவரும் "தம்பி, ஒரேயடியா நல்லதைப் போடுவமே, காசு போனாப் பரவாயில்லை" எண்டு நிண்டவர். அதுக்கு நான் உடன்படேல்ல, காரணத்தை இஞ்சயும் எழுதுறன். எங்கட வன்னிக் கிணத்துத் தண்ணி கன இடத்தில உப்புத்தன்மை, சில இடத்தில நல்ல சவர். 304, 316 எண்ட ஸ்டெயின்லெஸ் வகையள் எல்லாம் சூட்டோட குளோரைட் தண்ணி பட்டா, கறள் பிடிக்காது, ஆனா மயிரிழை மாதிரி வெடிப்பு ஓடும், வெளியில மினுங்கிக்கொண்டே அறும். பொயிலர் கோட்டிலயே தண்ணி படுற இடத்துக்கு இந்த வகை ஸ்டெயின்லெஸ் வேண்டாம் எண்டுதான் கிடக்கு. மற்றது அது சூட்டைக் கடத்துறது காபன் ஸ்டீலின்ர மூண்டில ஒரு பங்குதான், சூட்டில விரியிறது கூட, ரியூப் பிளேட்டோட (ரியூப் வாயளைப் பிடிச்சு வைச்சிருக்கிற தடிச்ச தட்டு) இறுக்கின இடம் இளகும். அமெரிக்காவில பிலடெல்பியாவுக்குக் கிட்ட எடிஸ்டோன் எண்ட ஸ்டேஷன், 1960 அளவில வந்தது, 649 டிகிரி ஸ்டீமுக்கு எண்டு 316 இல தடிச்ச பைப் போட்டுக் கட்டினவை, அந்தக் காலத்தில உலகத்திலயே பெரிய சூடு அது. அவைக்கே தடிச்ச ஸ்டெயின்லெஸ்ஸில வெடிப்பு வந்து, பிறகு சூட்டையும் அமுக்கத்தையும் குறைச்சுத்தான் ஓட்டினவை. ஒன்பது குரோம் உருக்குக்கு இவ்வளவு மதிப்பு வந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

310 பிளேட்: இஞ்சதான் உண்மையா சூடு தாங்குற உருக்கு வேணும். அடுப்புக் கதவின்ர உள்பக்கம், நெருப்பை மறிக்கிற தட்டு, இதுகளுக்குப் பின்னால தண்ணி இல்லை, நெருப்பின்ர சூடு முழுக்க இதில. பழைய தட்டு மைல்ட் ஸ்டீல், ஒவ்வொரு போகமும் மாத்துறது, கழட்டேக்க அப்பளம் மாதிரி நொறுங்கி, கறுப்புச் செதிளா உரிஞ்சு விழும். மைல்ட் ஸ்டீல் 550 தாண்டினா இப்பிடித்தான் செதிள் செதிளாப் போகும். 310 எண்ட ஸ்டெயின்லெஸ்ஸில 25 வீதம் குரோம், 20 வீதம் நிக்கல், குரோம் மேல ஒரு மெல்லிய தோல் கட்டி உள்ளுக்குக் காத்துப் போக விடாது, 1000 டிகிரிக்கும் தாக்குப் பிடிக்கும். விலை மைல்ட் ஸ்டீலை விடப் பல மடங்கு, உண்மைதான், ஆனா சின்னத் துண்டுதானே வேணும்.

முதல் வாங்கின கடையில (பேர் போடேல்ல) நல்லா விளையாடிப் போட்டாங்கள். "310 தான் அண்ணை, காந்தம் வைச்சுப் பாருங்கோ பிடிக்காது" எண்டு காந்தத்தை வைச்சும் காட்டினவை. காந்தம் பிடிக்காட்டி 310 எண்டு இல்லை, 304ம் பிடிக்காது, மாங்கனீஸ் போட்டு நிக்கலைக் குறைச்ச மலிவு 200 வகைச் சாமானும் பிடிக்காது. ஒரு மூலையை வெட்டி அடுப்புக்கு மேல ஒரு பகல் முழுக்க வைச்சு எடுத்தனாங்கள், வெளியில செதிள் கிளம்பி, நகத்தால சுரண்ட வருது. இன்னொரு துண்டைக் கொழும்புக்கு அனுப்பி எக்ஸ்ரே கன்னால பாத்தா குரோம் 14க்குக் கிட்ட, நிக்கல் 1 சொச்சம், மாங்கனீஸ் 9க்கு மேல. கடைக்காரர் முதல்ல ஒத்துக்கொள்ளேல்ல, றிசல்ற் கடுதாசியைக் காட்டின பிறகு பாதிக் காசைத் தந்திட்டு மிச்சத்துக்கு வேற சாமான் எடுங்கோ எண்டவர். அந்தக் கடைக்கு அஞ்சுக்கு ஒண்டும் இல்லை. அந்தக் கன்னில ஒரு குறை இருக்கு, காபனைக் காட்டாது, 304ஐயும் 304எச்சையும் பிரிக்கேலாது, ரெண்டுக்கும் வித்தியாசம் காபன் அளவுதான். ஆனா நிக்கல், குரோம் பாக்க அது காணும்.

ரெண்டாவதா யாழ்ப்பாணத்தில ஒரு ஆளிட்ட சேர்ட்டிபிக்கட்டோட வாங்கின 310, போகம் முடிய கழட்டிப் பாத்தன், மேல சாம்பல் நிறத்தில இறுக்கமான ஒரு படை, செதிள் இல்லை, கிரைண்டரால லேசாத் தட்ட உள்ள வெள்ளை. ஓரத்தில மட்டும் கொஞ்சம் நெளிஞ்சிருக்கு. அது உருக்கின்ர குற்றம் இல்லை, போல்ட் ஓட்டையை இறுக்கமா அடிச்சதால தட்டு விரிய இடமில்லாமப் போச்சு. 310 போடுற ஆக்கள் போல்ட் ஓட்டையை நீட்டு ஓட்டையா வெட்டுங்கோ, மைல்ட் ஸ்டீலை விட இது கூட விரியும். அஞ்சுக்கு நாலரை.

கிறேற் சட்டம்: குரோம் சேத்து வார்த்தது எண்டு சொல்லித் தந்தவை, சேர்ட்டிபிக்கட் இல்லை, வார்ப்புப் பட்டறையின்ர வாய்ச்சொல்தான். உமிச் சாம்பல் முழுக்கச் சிலிக்கா, அரத்தால ராவுற மாதிரித் தேய்க்கும், அதோட சூடு. நடு அடுப்பில நிண்ட சட்டங்கள் கொஞ்சம் வளைஞ்சு போச்சு, ஓரத்தில நிண்டது அப்பிடியே கிடக்கு. கீழ இருந்து காத்து நல்லா வந்தா சட்டம் ஆறும், சாம்பலைக் குவிய விட்டா காத்து வராது, உருக்கு எதுவா இருந்தாலும் வளையும். சாம்பல் இழுக்கிற பெடியனிட்ட இதைச் சொல்லி வைச்சிருக்கு. மூண்டு குடுக்கிறன், அடுத்த முறை சேர்ட்டிபிக்கட் தாற இடத்தில பாக்கிறதுதான் யோசனை.

ரியூப் மாத்தின பட்டறை: வவுனியாவில இருந்து வந்த ஒரு மாஸ்ரரும் அவற்ற ரெண்டு பெடியளும். வேலை நல்ல வேலை. பழைய ரியூப்பை வெட்டி எடுக்கேக்க ரியூப் பிளேட்டின்ர ஓட்டையைக் காயப்படுத்தேல்ல, ஒவ்வொரு ஓட்டையையும் தூசி தட்டித் தீட்டிப் போட்டுத்தான் புது ரியூப்பை ஏத்தினவை, எக்ஸ்பாண்டரால இறுக்கேக்க அளந்து அளந்துதான் இறுக்கினவர். எனக்குச் சந்தோசம் தந்த விசயம், நெருப்புத் திரும்புற பக்கத்தில ரியூப்பின்ர வாய் பிளேட்டுக்கு வெளியில நீட்டிக்கொண்டு நிக்காம எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டித் தட்டினது. அந்த நீட்டுத் துண்டுக்குத் தண்ணிக் குளிர்ச்சி இல்லை, முதல் வெடிப்பு எப்பவும் அதிலதான் வரும். சொல்லாமலே செய்தவர், தொழில் தெரிஞ்ச மனிசன். பிறகு தண்ணி நிரப்பி ஓடுற அமுக்கத்தின்ர ஒண்டரை மடங்குக்கு ஏத்திப் பிடிச்சு, ஒரு சொட்டும் இல்லை எண்டு காட்டினாப் பிறகுதான் காசு கேட்டவர். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி பொயிலரைப் பரிசோதிக்கிற அதிகாரி வந்து பாத்துக் கடுதாசி தாறது வேற, அதையும் தவற விடாதேங்கோ. குறை எண்டா சொன்ன நாளுக்கு வரேல்ல, போன் எடுத்தா "நாளைக்கு அண்ணை, நாளைக்கு" எண்டே இழுத்தவர், நெல்லு மூட்டை வந்து இறங்கினாப் பிறகுதான் வேலை முடிஞ்சது. நாலு.

கடைசியா தண்ணி. பழைய ரியூப் ஏன் போனது எண்டு வெட்டிப் பாத்தனாங்கள், இரும்பில பிழை இல்லை, தண்ணி நிக்கிற வெளிப்பக்கம் ரெண்டு மூண்டு மில்லிமீற்றருக்குச் சுண்ணாம்புக் கல்லு படிஞ்சு கிடந்தது. அந்தக் கல்லு சூட்டைக் கடத்துறது உருக்கை விட இருபது மடங்குக்குக் கிட்டக் குறைவு, அப்ப தண்ணியால இரும்பை ஆத்தேலாது, 200இல நிக்க வேண்டிய ரியூப் எங்கயோ ஏறிப்போய், வெளி அமுக்கத்தில உள்ளுக்கு அமுங்கினது. மொட்டைக்கறுப்பன் நெல்லு அவிக்கவும் தண்ணி கிணத்தில இருந்துதான் வருது, பொயிலருக்கும் அதேதான் போனது. இப்ப பொயிலருக்குப் போற தண்ணிக்கு மட்டும் ஒரு சொஃப்னர் (தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுக்கிற மெஷின்) வைச்சிருக்கு, உப்புப் போட்டுக் கழுவுறது, ஒவ்வொரு நாளும் காலமை அடித்தண்ணி திறந்து விடுறது. இந்தப் போகம் திறந்து பாக்க ரியூப்பில வெள்ளைப் பூச்சு மாதிரி ஒரு படைதான், கையால துடைக்கப் போகுது. "பவர் ஸ்டேஷன்" ரியூப்புக்குக் குடுக்க நினைச்ச காசில சொஃப்னர் வந்து, அதுக்கு மேலயும் மிச்சம்.

கழட்டின பழைய ரியூப் வெட்டுத் துண்டு, செதிள் கிளம்பின போலி 310, போகம் ஓடின உண்மை 310 மூண்டையும் மில்லில எடுத்து வைச்சிருக்கிறம். மில்லுக்கார ஆக்கள் கீழ கேளுங்கோ, சேர்ட்டிபிக்கட்டில எந்த வரியைப் பாக்கிறது எண்டு படம் பிடிச்சுப் போடுறன்.